ரயில் சார்ஜ் உயர்வு நியாயமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரயில் டிக்கெட்டைப் பற்றியதாகும். "இதைப் பேச உங்களுக்கென்ன வேலை? பிரயாணிகள் சங்கத்தார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று வரும் வழியிலேயே ஒரு நண்பர் கேட்டார். ஒரு காரியத்தை ஏன், எதற்காக, யாருடைய நன்மைக்காக என்று கேட்பதுதான் நமது வேலை என்றால், டிக்கெட் ஜன்னலுக்கு முன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமென்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. அன்றியும், இந்த நாட்டில் ஏழை மனிதன் சர்க்காரோடு நேருக்கு நேர் காசு கொடுத்து வாங்கி வியாபாரம் செய்கின்ற இடங்கள் சிலதான். அவற்றில் ரயில் ஒன்று. அங்கே நடக்கும் சங்கதியைக் கவனித்தால் மற்ற இடங்களில் நடப்பதும் கொஞ்சம் விளங்கும்.

நாம் சொல்லப் போவது சென்னைக்கும் டில்லிக்கும் போகின்ற பெரிய வண்டிகளைப் பற்றியல்ல. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும், திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் சிற்றூர் தோறும் நின்று நின்று போகின்றதே, அந்தப் பாசஞ்சர் வண்டியைப் பற்றித்தான். கூடைக்காரியும், கொத்தனாரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், ஆஸ்பத்திரிக்குப் போகின்ற நோயாளியும் ஏறுகின்ற வண்டி அது.

நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். 2015-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இந்த வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக்கப்பட்டது. அதுவும் இரட்டிப்புத்தான், ஆனாலும் அதை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கொரோனா நோய் வந்தது. நாடு முழுவதும் பிரயாணிகள் வண்டிகள் நின்றன. நின்றது சரி, உயிரைக் காப்பதற்காக நிறுத்தினார்கள், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் திரும்பி வந்தபோது, பாசஞ்சர் வண்டி பாசஞ்சர் வண்டியாகத் திரும்பி வரவில்லை. "ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ்" என்கின்ற புதுப் பெயரோடு, நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டு வந்தது. எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்துவிட்டதால் எக்ஸ்பிரஸ் சார்ஜ். எக்ஸ்பிரஸ் வண்டிக்குக் குறைந்தபட்சச் சார்ஜ் 30 ரூபாய். ஆகவே 10 ரூபாய் டிக்கெட் ஒரே தாவலில் 30 ரூபாய் ஆயிற்று.

தோழர்களே, அதே வண்டி, அதே தண்டவாளம், பெரும்பாலும் அதே பழைய பெஞ்சு. வழியிலுள்ள சின்ன நிலையங்களிலே நிற்பதும், எதிரே பெரிய வண்டி வந்தால் ஓரமாய் ஒதுங்கிக் காத்துக் கிடப்பதும் பழையபடியேதான். எக்ஸ்பிரஸ் என்றால் வேகமாய்ப் போவது என்று பொருள். வேகம் கூடாமல் பெயர் மட்டும் கூடினால் அதை என்னவென்று சொல்லுவது? ஒரு கடைக்காரன் மோட்டா அரிசி மூட்டையின் மேல் "சீரகச் சம்பா" என்று எழுதி ஒட்டிவிட்டு மும்மடங்கு விலை சொன்னால் அவனை நாம் என்னவென்று அழைப்போம்? ஊரார் கூடி அவனிடம் கேட்பார்கள். ரயில்வே செய்தால் மட்டும் "சர்க்கார் செய்தால் ஏதோ காரணமிருக்கும்" என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றோம்.

இந்தப் பெயர் மாற்றுகின்ற வித்தை ரயில்வேக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலே மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததும், அதில் ஜனங்கள் ஆடுமாடுகளைப் போல் அடைபட்டுப் போனதும் பெரியவர்களுக்குத் தெரியும். 1974-ம் வருஷத்தில் மூன்றாம் வகுப்பை ஒழித்துவிட்டோம் என்று சர்க்கார் சொன்னார்கள். பார்க்கப் போனால், மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் வைத்தார்கள். பெட்டிகள் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்ப்பட்டன, அது உண்மை. ஆனால் பெயர் மாறிய அன்றைக்கு அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன மாறிற்று? அந்தத் தடவையாவது பெயரை மட்டும் உயர்த்தினார்கள். இந்தத் தடவை பெயரோடு காசையும் சேர்த்து உயர்த்தினார்கள்.

இனி, இந்த உயர்வு யார் தலையில் விழுந்தது என்று பார்ப்போம். "எல்லோருக்கும்தானே உயர்ந்தது" என்பது தவறு. எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு ஒரு விதி உண்டு. நீங்கள் எவ்வளவு கொஞ்ச தூரம் போனாலும் குறைந்தது 50 கிலோமீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே போகின்றவனிடம் 50 கிலோமீட்டருக்கான காசை வாங்கினார்கள். எக்ஸ்பிரஸ் வண்டி தூரப் பிரயாணத்துக்காக ஏற்பட்டதாகையால் அதற்கு அந்த விதி பொருந்தலாம்; பத்துக் கிலோமீட்டர், பதினைந்து கிலோமீட்டர் போகின்றவர்களுக்காகவே ஓடும் வண்டிக்கு அதைக் கொண்டுவந்து மாட்டினால், எவ்வளவு கொஞ்ச தூரம் போகின்றானோ அவ்வளவு அதிகமாக அவனைக் கசக்குவதாக முடிகின்றது. சென்னையிலிருந்து மதுரைக்கு எக்ஸ்பிரஸில் போகின்றவனுக்கு இந்தப் பெயர் மாற்றத்தால் ஒரு காசும் கூடவில்லை. அவன் முன்பும் எக்ஸ்பிரஸ் சார்ஜே கொடுத்தான். பக்கத்து ஊர் சந்தைக்குப் போகின்றவளுக்குத்தான் மும்மடங்கு ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் காலேஜில் பொருளாதாரம் படித்தவர்களல்ல. கடைக் கணக்கு தெரிந்தவர்கள், அது போதும். 2021-22-ம் வருஷத்தில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் சர்க்காரே நிர்ணயித்த ஒரு நாள் கூலி 273 ரூபாய். அந்தக் கூலிக்காரி ஒருத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதானால் முன்பு 20 ரூபாய். அதாவது கூலியில் பதினாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். உயர்வுக்குப் பின் 60 ரூபாய். கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கூட ஒரு குழந்தையையும், தாங்கிப் பிடிக்க ஒரு துணையையும் அழைத்துப் போனால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

"சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பார்கள். கொரோனாக் காலத்தில் கொஞ்ச நாள் சீசன் டிக்கெட்டே கொடுக்கவில்லை, அது ஒருபுறமிருக்கட்டும். சீசன் டிக்கெட் தினந்தோறும் ஒரே இடத்துக்குப் போய் வருகின்ற உத்தியோகஸ்தருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஆனது. கீரை விற்கின்ற அம்மாள் மாதத்தில் பன்னிரண்டு நாள் போவாள். மழை பெய்தால் போகமாட்டாள். கீரை வாடினால் போகமாட்டாள். மகளுக்குப் பிரசவமென்றால் ஒரு மாதம் போகமாட்டாள். மாத முதல் தேதியில் மொத்தமாய்க் கட்டுவதற்கு அவளிடம் பணமும் இராது. அவள் பன்னிரண்டு நாளுக்கு 240 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது 720 ரூபாய் ஆயிற்று. மாதம் 480 ரூபாய், எத்தனை கட்டுக் கீரை விற்ற லாபம் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். டில்லியில் இதைத் தீர்மானித்த கனவான்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

சரி, இதற்கு அவர்கள் சொன்ன காரணமென்ன? 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ரயில்வே மந்திரி இலாகா ஒரு விளக்கம் வெளியிட்டது. கட்டணம் சிறிதளவே உயர்த்தப்பட்டிருக்கிறது என்றும், அவசியமில்லாத பிரயாணத்தை ஜனங்கள் செய்யாமலிருப்பதற்கும் வண்டியில் கூட்டம் சேராமலிருப்பதற்கும் அப்படிச் செய்யப்பட்டது என்றும், அப்போது ஓடுகின்ற வண்டிகளில் இந்த மாதிரி வண்டிகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை என்றும் அதில் சொல்லப்பட்டது.

இதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுவோம். பத்து முப்பதானால் அது "சிறிதளவு" என்று எந்த வாய்ப்பாட்டில் இருக்கின்றது? நூற்றுக்கு மூன்று என்ற கணக்கும் வேடிக்கையானதே. பாசஞ்சர் வண்டிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஓடுகின்றவை கொஞ்சம்தானே என்றால், அது பத்துக் குழந்தைகளில் ஒன்பதைப் பட்டினி போட்டுவிட்டுச் சோறு கேட்பது ஒரு குழந்தைதானே என்பது போலாகும். நின்றுபோன வண்டிகள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தபோது அவையும் அந்த 30 ரூபாய்ப் பட்டியலிலேயே சேர்ந்துகொண்டன.

கூட்டம் என்ற காரணத்தைத்தான் நன்றாய் யோசிக்க வேண்டும். நோய்க் கிருமி பிரயாணியின் சட்டைப்பையைப் பார்த்து ஒட்டுவதில்லை. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியைக் கூட்டலாம், வண்டியைக் கூட்டலாம், ஒரு பெட்டிக்கு இத்தனை பேர்தான் என்று டிக்கெட்டை நிறுத்தலாம். இவை எல்லோருக்கும் பொதுவான தடை. விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பதென்றால், காசுள்ளவனுடைய அவசியமில்லாத பிரயாணம் நடக்கும். காசில்லாதவனுடைய அவசியமான பிரயாணம் நின்றுபோகும். கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கு போடுவது ஒரு வழி. குடத்துக்கு ஐந்து ரூபாய் என்று விலை வைப்பது இன்னொரு வழி. இரண்டிலும் தண்ணீர் மிச்சமாகும். யார் தாகத்தோடு நிற்பார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

போகட்டும், அந்தக் காரணம் உண்மையென்றே வைத்துக்கொள்ளுவோம். காரணம் போனால் காரியமும் போகவேண்டுமல்லவா? கொரோனாவுக்காக மத்திய சர்க்கார் பேரிடர்ச் சட்டத்தின் கீழ் போட்டிருந்த கட்டுப்பாடுகள் 2022-ம் வருஷம் மார்ச் 31-ந் தேதியோடு முடிந்தன. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தூரம் போகின்ற மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கெல்லாம் "ஸ்பெஷல்" என்ற பெயரை எடுத்துவிட்டுப் பழைய நம்பரையும் பழைய கட்டணத்தையும் கொடுக்கும்படி உத்தரவாகிவிட்டது. பாசஞ்சர் வண்டிக்கு மட்டும் பூஜ்யம் போகவில்லை. முப்பது ரூபாயும் போகவில்லை. சினிமாக் கொட்டகை நிரம்பி வழிந்தது, தேர் இழுத்தார்கள், தேர்தல் ஊர்வலம் போனார்கள், எங்கும் கூட்டத்துக்குத் தடையில்லை. கீரைக்காரி ஏறுகின்ற வண்டியில் மட்டும் கொரோனா போகவில்லை போலும்! கட்டுப்பாடுகள் முடிந்த பிறகும் ஏறக்குறைய 23 மாதம் அந்தக் கட்டணம் வாங்கப்பட்டது.

பிறகு 2024-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி 30 ரூபாய் மறுபடியும் 10 ரூபாய் ஆயிற்று. ஏற்றியபோது எப்படிச் சந்தடியில்லாமல் ஏற்றினார்களோ அப்படியே சந்தடியில்லாமல் இறக்கினார்கள். அதிலிருந்து 18-ம் நாள் பார்லிமெண்டுத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. தேர்தலுக்காகத்தான் இறக்கினார்கள் என்பதற்கு நம்மிடம் ருஜு இல்லை. ஆகையால் அப்படிச் சாதிக்க நாம் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். பிப்ரவரி 26-ந் தேதி இருந்த எந்தக் காரணம் 27-ந் தேதி இல்லாமல் போயிற்று? காரணமில்லாமல் இறக்கக் கூடியதாயிருந்தால், அதை முன்னமேயே இறக்கியிருக்கலாமே!

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரருடைய பலமான வாதத்துக்கு வருவோம். அதுதான் நஷ்டக் கணக்கு. பிரயாணிகளிடமிருந்து வசூலாவது செலவில் நூற்றுக்கு 57 பங்குதான் என்று 2016-ம் வருஷம் முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். மிச்சம் 43 பங்கைப் பொதுஜனங்கள் சுமக்கின்றார்கள் என்பதை நீங்கள் அறிவீர்களா என்றும் டிக்கெட்டில் கேட்டார்கள். 2024 டிசம்பரில் ரயில்வே மந்திரி, 100 ரூபாய் சேவைக்கு 54 ரூபாய்தான் வாங்குகின்றோம், வருஷத்துக்கு 56,993 கோடி ரூபாய் மானியம் என்று கணக்குச் சொன்னார்.

இதை அலட்சியமாய்த் தள்ளிவிடக் கூடாது. நமது தோழர்களில் சிலர் எந்தக் கட்டண உயர்வும் அக்கிரமம் என்று கத்துகின்றார்கள், அது பகுத்தறிவாகாது. என்ஜினுக்கு மின்சாரம் இனாமாய் வராது. தண்டவாளம் தேயும், மாற்ற வேண்டும். லைன் பார்க்கின்ற தொழிலாளிக்கு, வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோரம் நடக்கின்றானே, அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சரக்கு வண்டியில் வருகின்ற லாபத்தை எடுத்துத்தான் பிரயாணிகள் வண்டியின் நஷ்டத்தை அடைக்கின்றார்கள் என்பதும் உண்மை. ரயில்வே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கினால் வருவது. அதனால் சரக்குக் கூலி அதிகமாகி, நிலக்கரியும் சிமெண்டும் விலை ஏறி, அதுவும் கடைசியில் நம் தலையிலேதான் விழுகின்றது. டிக்கெட் என்றைக்கும் பத்து ரூபாயாகவே இருக்க வேண்டுமென்று சொல்லுகின்றவன், பழுதான பாலத்தின் மேல் போகவும் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் இந்த நஷ்டக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். "மிச்சத்தைப் பொதுஜனங்கள் சுமக்கின்றார்கள்" என்றால், அந்தப் பொதுஜனம் யார்? டிக்கெட் ஜன்னலில் நிற்கின்றவன் பொதுஜனமில்லாமல் வேறு யார்? அவன் தீப்பெட்டி வாங்கினால் வரி. சோப்பு வாங்கினால் வரி. மகன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டால் வரி. அவனிடம் வரி வாங்கிய சர்க்கார், அவனுடைய டிக்கெட்டிலேயே, "உன்னைப் பொதுஜனம் சுமக்கின்றது, தெரியுமா?" என்று அச்சடித்துக் கொடுக்கின்றது. தன் வீட்டுச் சோற்றைத் தின்கின்றவனுக்கே அன்னதானம் செய்ததாகச் சொல்லிக்காட்டுவது போன்றதே இது.

இரண்டாவது, ஒரே தண்டவாளத்தில் சரக்கு வண்டியும் போகின்றது, ராஜதானி எக்ஸ்பிரஸும் போகின்றது, பாசஞ்சரும் போகின்றது. தண்டவாளச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு? பிபேக் தேப்ராய் தலைமையில் அமைந்த கமிட்டி 2015-ம் வருஷத்தில், ரயில்வேயின் கணக்கு முறையை வியாபார முறைக்கு மாற்றவேண்டும், எந்தச் சேவைக்கு எவ்வளவு செலவு என்று தெளிவாய்த் தெரியவேண்டும் என்று சொல்லிற்று. சர்க்கார் தாமே நியமித்த கமிட்டி சொன்னது இது. பெரிய வண்டிக்கு வழி விடுவதற்காக ஓரத்தில் அரைமணி நின்ற பாசஞ்சர் வண்டியின் பேரில் அந்த அரைமணிச் செலவையும் எழுதிவிட்டு, "பார், இது நஷ்டம்" என்றால் அது எப்படிச் சரியான கணக்காகும்?

மூன்றாவது, நஷ்டமென்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாகக் கேட்கப்படுகின்றதா? நம் ஊர்ப் பஞ்சாயத்து ரோடு லாபம் சம்பாதிக்கின்றதா? பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் நடுவில் புல்லட் ரயில் போட 1,08,000 கோடி ரூபாய் என்று முதலில் மதிப்புப் போட்டு, 2017-ல் அஸ்திவாரமும் நாட்டினார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய விஷயமல்ல. அதற்குக் கடன் வாங்கிப் பல வருஷம் பொறுத்திருக்கத் தெரிந்தவர்கள், கூடைக்காரியிடம் மட்டும் இன்றைக்கே நஷ்டத்தைக் கட்டு என்பது ஏன் என்றுதான் கேட்கின்றோம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரயில் போட்ட காலத்தில் போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு செய்வதாகச் சர்க்கார் உறுதி கொடுத்திருந்தார்கள். முதலாளிக்கு வரிப்பணம் போனால் அதற்கு உத்தரவாதம் என்று பெயர். ஏழைக்குப் போனால் மானியம், சலுகை, பிச்சை என்று பெயர். இங்கேயும் பெயர்தான் வேலை செய்கின்றது.

தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் மே மாதத்திலிருந்து பெண்கள் சாதாரண டவுன் பஸ்களில் கட்டணமில்லாமல் போக ஏற்பாடாயிற்று. அந்தச் செலவைச் சர்க்கார் கஜானாவிலிருந்து பஸ் கார்ப்பரேஷன்களுக்குக் கொடுக்கின்றார்கள். அதைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயமிருந்தாலும், யாருக்காக, எந்தப் பணத்தில் என்பது பகிரங்கமாகத் தெரிகின்றது. ஆதரிக்கின்றவனும் எதிர்க்கின்றவனும் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்கலாம். பாசஞ்சர் வண்டி விஷயத்தில் அந்தப் பகிரங்கமே இல்லை. நமது முக்கியமான ஆட்சேபணை இதுதான்.

பழைய சங்கதி ஒன்று சொல்லுகின்றோம். 2012-ம் வருஷம் மார்ச் 14-ந் தேதி தினேஷ் திரிவேதி என்ற ரயில்வே மந்திரி, பார்லிமெண்டில் ரயில்வே பட்ஜெட்டிலே சாதாரண இரண்டாம் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 காசு உயர்த்துவதாகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார், வண்டிகள் பத்திரமாய் ஓடுவதற்குப் பணம் வேண்டும் என்றார். அவருடைய கட்சியே அவரை எதிர்த்தது. நாலு நாளில் மந்திரிப் பதவி போயிற்று. பின்னால் வந்தவர் ஏழை வகுப்புகளுக்கு உயர்வை ரத்துச் செய்தார். 2 காசு! பாபநாசத்துக்காரனுக்கு 15 கிலோமீட்டரென்று வைத்துக்கொண்டால் 30 காசு! அதற்கு ஒரு மந்திரியின் பதவி போன நாட்டிலே, அதே பிரயாணிக்கு 20 ரூபாய், அதாவது 2,000 காசு, ஏறிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னது சபையில் எழுந்து நின்று சொல்லப்பட்டது, பின்னது பெயர் மாற்றத்துக்குள் மறைந்து வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

1924-ம் வருஷம் முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. 2017-ல் அதைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். தனி பட்ஜெட் இருந்த காலத்திலும் சபைக்கு வெளியே உயர்த்தியதுண்டு. 2014 ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 14.2 வீதம் அப்படித்தான் உயர்ந்தது. ஆனாலும் வருஷத்தில் ஒரு நாளாவது நாடு முழுவதும் ரயிலைப் பற்றியே பேசிற்று. எந்த ஊருக்கு வண்டி, எந்த வண்டிக்கு என்ன சார்ஜ் என்று டீக்கடையிலே பத்திரிகையைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்கள். அந்த நாள் இன்று இல்லை.

"அப்படியானால் எப்படித்தான் உயர்த்துவது?" என்பீர்கள். அதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். ரயில்வேயே வழி காட்டியிருக்கின்றது. 2020 ஜனவரி 1-ந் தேதி சாதாரண வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 1 காசு என்று அறிவித்து உயர்த்தினார்கள். 2025 ஜூலை 1-ந் தேதி உயர்த்தியபோது, சாதாரண இரண்டாம் வகுப்புக்கு 500 கிலோமீட்டர் வரை உயர்வில்லை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு அரைக் காசு, ஏ.சி. வகுப்புக்கு 2 காசு என்று வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 26-ந் தேதி மறுபடி உயர்த்தியபோதும் சாதாரண வகுப்புக்கு 215 கிலோமீட்டர் வரை தொடவில்லை. குறைகள் இருக்கலாம், ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏன் என்று கேட்கலாம். ஆனால் தூரத்துக்குத் தக்கபடி, வகுப்புக்குத் தக்கபடி, கொஞ்சம் கொஞ்சமாக, தேதி சொல்லி உயர்த்துவது அவர்களுக்குத் தெரியாத வித்தையல்ல என்பது இதனால் விளங்குகின்றதல்லவா? பத்து ரூபாயைப் பன்னிரண்டாக்கி, காரணத்தையும் கணக்கையும் நிலையத்துப் பலகையில் தமிழிலே எழுதிப் போட்டு, அந்தப் பணத்தில் ஒரு பெட்டியையோ ஒரு கக்கூஸையோ கூட்டிக் காட்டியிருந்தால், இந்தக் கூட்டத்தில் நாமே எழுந்து நின்று கொடுங்கள் என்று சொல்லியிருப்போம்.

மும்மடங்கு உயர்வினால் ரயில்வேக்காவது லாபமா என்றால் அதுவும் சந்தேகந்தான். கிட்டத்து ஊர்களுக்குச் சாதாரண பஸ் கட்டணம் முப்பது ரூபாயைவிடக் குறைவு. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் உயர்ந்தபோது பலர் பஸ்ஸை விட்டு ரயிலுக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களை ரயில்வேயே மறுபடியும் பஸ்ஸுக்கு விரட்டிற்று. ஆள் குறைந்த வண்டியைப் பார்த்து, "இதில் யாரும் ஏறுவதில்லை" என்று நாளைக்கு அதையே நிறுத்தவும் வழியுண்டு.

10 ரூபாய் திரும்பிவிட்டதே, இனிப் பேசி என்ன லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பாசஞ்சர் வண்டிகள் பலவற்றை 2020-ல் நிரந்தரமாகவே எக்ஸ்பிரஸாக மாற்ற உத்தரவாயிற்று. அப்படி மாறிய வண்டியில் இரண்டு நிலையம் தள்ளி இறங்குகின்றவனுக்கு 30 ரூபாய்தான். சில சிற்றூர்களில் நிற்பதையும் எடுத்துவிட்டார்கள். 60 வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு 40-ம், 58 வயதான பெண்களுக்கு நூற்றுக்கு 50-ம் இருந்த கட்டணக் குறைவு 2020 மார்ச் 20-ந் தேதி நிறுத்தப்பட்டது. கிழவர்கள் பிரயாணம் செய்யாமலிருப்பதற்காக என்றார்கள். நோய் போய், 2025-ம் வருஷமும் முடிந்தது. அந்தக் குறைவு திரும்பவில்லை.

ஆகையால் உங்கள் ஊர் நிலையத்தில் நிற்கின்ற வண்டிகள் எவையெவை, அவற்றில் 2020-க்கு முன் பாசஞ்சராயிருந்து இன்று எக்ஸ்பிரஸ் சார்ஜ் வாங்குகின்றவை எத்தனை, நிற்பது நின்றுபோனவை எத்தனை என்று ஒரு பட்டியல் எடுங்கள். பழைய டிக்கெட், புது டிக்கெட் இரண்டும் வைத்திருப்பவர்கள் அதோடு சேருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டே இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். அதைக் கோட்ட மேனேஜருக்கும் உங்கள் தொகுதிப் பார்லிமெண்டு மெம்பருக்கும் தபாலில் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள்.

மணி ஒன்பதாகிவிட்டது. கடைசி வண்டிக்குப் போகவேண்டியவர்கள் எழுந்திருக்கலாம். மற்றத் தோழர்கள் ஏதேனும் கேட்க விரும்பினால் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்தால், தெரிந்தமட்டில் பதில் சொல்லுகின்றோம்.